மயிலைக் கடற்கரையில் நான்கு மாதங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைப் பட்டினத்துக்குச் செல்வோரிற் பெரும்பாலார் இரண்டு காரியங்களுக்காகவே செல்வர். ஒன்று கலியாணப் புடைவை, மற்றது வைத்தியம். நாம் சென்றது பின்னதற்காக. எம் இல்லாளின் வலக்கண்ணிற் படர்ந்திருந்த புரையை அகற்றும் பொருட்டு, 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்திற் பலாலியில் விமானம் ஏறினோம். துணைக்கு எம் இளைய மகனும் வந்தான். சிகிச்சை ஒரு முற்பகலிலேயே முடிந்துவிட்டது. ஆயினும், ஒரு வாரம் கழித்து அடுத்த சனிக்கிழமை மீண்டும் கண்ணைப் பார்த்த பின்னரே ஊர் திரும்பலாம் என வைத்தியர் கட்டளையிட்டார். ஆகவே சாந்தோமில், கோவிலுக்கு நடந்து செல்லும் தூரத்தில், ஓர் எளிய விடுதியில் அறை எடுத்துத் தங்கினோம்.

ஒரு வாரம் என்பது ஊரில் இருக்கும்போது கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அன்னியப் பட்டினத்தில், கண்ணிற் கட்டுடன் இருக்கும் நோயாளியின் அருகில், அதே வாரம் ஒரு மாதமாய் நீளும். அந்த வாரத்தை இன்னும் நீளமாக்கிய காரணம் ஒன்றும் எம்முடன் வந்திருந்தது. அதனை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

பையனுக்கு அப்போது வயது 23. தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரத் தொழில் பயின்று, இரண்டு ஆண்டுகளாகத் தகுந்த உத்தியோகம் வாய்க்காமல் வீட்டில் இருந்தான். அவனுடைய தோழர் இருவர் ஐரோப்பாவுக்குப் போய்விட்டனர். அவர்களை அனுப்பிவைத்த முகவரே இவனையும் அனுப்புவதாக ஏற்றிருந்தார். எந்த நாட்டின் வழியாக, எவ்வகைப் பத்திரத்தோடு என்று கேட்டால் மட்டும் அவர் தெளிவாக மறுமொழி சொல்வதில்லை. பாதித் தொகையை அந்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டவேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு என்பது அவரது நிபந்தனை. பணத்துக்கு வழி, எம் தகப்பனார் தேடி வைத்த காணித்துண்டு ஒன்றுதான். உறவினர் ஒருவர் எம் வாக்கை நம்பி முதலிற் பணத்தைக் கொடுக்கவும், நாம் திரும்பிய பின்னர் ஈட்டு உறுதி எழுதிக்கொள்ளவும் இசைந்திருந்தார். தொலைபேசியில் “ஓம்” என்று ஒரு சொல் சொன்னாற் போதும், காரியம் நடந்துவிடும்.

அந்த ஒரு சொல்லைச் சொல்வதா, விடுவதா? இந்தக் கேள்வியோடுதான் ஞாயிறு மாலை நாம் முதன்முறையாகச் சாந்தோம் கோவில் வாயிலில் நின்றோம்.

கோவிலைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வெண்ணிறச் சுவர்களோடு வானளாவ நிற்கும் இப்பேராலயம் 1896ஆம் ஆண்டில் அபிஷேகம் செய்யப்பெற்றது. கோபுரத்தின் உயரம் 155 அடி என்பர். 1956ஆம் ஆண்டில் இது பசிலிக்கா என்னும் நிலைக்கு உயர்த்தப்பட்டது. 1986ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் இங்கு வந்து செபித்தார். ஆனால் உலகெங்கணுமிருந்து மக்கள் இங்கு வருவது கோபுரத்தைப் பார்ப்பதற்கன்று. யேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவராகிய அர்ச். தோமையார் கி.பி. 72ஆம் ஆண்டளவில் இப்பகுதியில் வேதசாட்சியாய் மரித்து, இவ்விடத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டார் என்பது நெடுங்கால மரபு. அவரது திருப்பண்டங்களிற் பெரும்பகுதி பின்னர் எதேசாவுக்கும், அங்கிருந்து ஈற்றில் இத்தாலியிலுள்ள ஒர்த்தோனாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. சிறு எலும்புத் துண்டு ஒன்றும் ஓர் ஈட்டி முனையும் இங்கு காக்கப்படுகின்றன. கல்லறை கோவிலின் அடியில் இருக்கின்றது. பின்புறத்தில் அமைந்த தனி வாயிலால் இறங்கிச் சென்றால், மேலே நடைபெறும் பூசைக்கு இடையூறின்றி எந்நேரமும் அங்கிருந்து செபிக்கலாம்.

மயிலைக்கு இதனினும் பழைய புகழும் உண்டு. ஞானசம்பந்தர் பாடிய தலம் இது. கடற்கரையை அடுத்திருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்த்துக்கேயர் காலத்தில் அழிவுற்றதென்றும், இன்று நாம் காணும் கோயில் அதன்பின் எழுந்ததென்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். ஆகவே சாந்தோமில் நின்று செபிக்கும் கிறிஸ்தவன் தலைகுனிந்து செபிப்பதற்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு.

அன்று மாலை கல்லறையடியில் முப்பது பேர் வரையில் இருந்தனர். தமிழர், மலையாளிகள், வடநாட்டார் சிலர், ஐரோப்பியர் இருவர். ஒருவரும் வாய்விட்டுப் பேசவில்லை. எம் இல்லாள் கறுப்புக் கண்ணாடியோடு செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். மகன் முழந்தாளில் இருந்தபடியே பையிலிருந்த தொலைபேசியை ஒருமுறை எடுத்துப் பார்த்து, மீண்டும் உள்ளே வைத்தான். நாம் அதைக் கண்டோம், கண்டதாகக் காட்டவில்லை. எம் மனமும் அப்போது அந்தக் காணித்துண்டின் எல்லைவேலியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

மேலே வந்தபோது மயிலை மாதாவின் சுரூபத்தின் முன் சற்று நின்றோம். அர்ச். பிரான்சிஸ் சவேரியார் இச்சுரூபத்தின் முன் செபித்தார் என்பது இங்குள்ளோர் சொல்லும் மரபு. நெடுங்காலம் பள்ளிக்கூடத்திற் சரித்திரம் கற்பித்த எமக்கு, அந்தப் பெயரைக் கேட்டதும் 1545ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டிற் சவேரியார் ஏறக்குறைய நான்கு மாதங்கள் இதே இடத்திற் காத்திருந்தவர். காத்திருந்ததும் ஒரு தீர்மானத்துக்காகவே.

விடுதிக்கு நடந்து வரும் வழியில் அந்தக் கதையை மகனுக்குச் சொன்னோம். இங்கே வாசகர்களுக்கும் சொல்கிறோம். ஏனெனில் அதன் தொடக்கம் நம் நாட்டிலேயே இருக்கின்றது.

சவேரியார் 1506இல் நவார் நாட்டில் பிறந்தவர். பாரிஸ் நகரில் கல்வி பயின்றபோது அர்ச். இஞ்ஞாசியாரின் தோழரானார். 1542ஆம் ஆண்டு மே மாதத்தில் கோவாவை அடைந்து, அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வந்து, செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து, மணியை அடித்துக்கொண்டு ஊரூராய்க் கற்பித்தார். 1544இல் மன்னார் மக்களும் அவரை அழைத்தனர். தாம் செல்ல இயலாமையால் வேறொருவரை அனுப்பி ஞானஸ்நானம் கொடுப்பித்தார். மன்னார் அக்காலத்தில் யாழ்ப்பாண அரசின் கீழ் இருந்தது. குடிகள் மதம் மாறுவது அன்னியரின் ஆட்சிக்கு வழிதிறக்கும் என்று அரசன் சங்கிலி அஞ்சினான் என்பர். அவன் படையோடு சென்றான். சுமார் 600 பேர் கொலையுண்டனர் என்பது வழிவழியாக வரும் கணக்கு.

செய்தி கேட்ட சவேரியார் துயருற்றார். துயரத்தோடு அவசரமும் சேர்ந்தது. சங்கிலியைத் தண்டித்து, அவனுடைய உடன்பிறந்தான் ஒருவனை அரசனாக்கப் போர்த்துக்கேய ஆளுநர் கப்பற்படை அனுப்பக் கட்டளையிட்டபோது, சவேரியார் அதனை விரும்பி வரவேற்றார். அப்படையை எதிர்நோக்கி நாகப்பட்டினத்துக்கும் சென்றார். ஆனால் படை புறப்படவில்லை. பெருஞ்சரக்கோடு வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையிற் தட்டிப்போக, சரக்கு அரசன் கையிற் சிக்கிற்று. சரக்கு மீளும்வரை போர் வேண்டாம் என்று வியாபாரிகளும் அதிகாரிகளும் தடுத்துவிட்டனர். அந்த யுத்தம் அன்று நடந்திருந்தால் எம் முன்னோர் எத்தனை பேர் மாண்டிருப்பார்களோ! ஒரு பரிசுத்தவானின் ஏற்பாடு சிதைந்தமைக்காக இன்று நாம் ஆண்டவருக்கு நன்றி கூறவேண்டியிருக்கின்றது. பரிசுத்தவான்களும் மனிதரே; கோபத்தின் சூட்டில் எடுத்த தீர்மானம் அவர்கள் எடுத்தாலும் சூடானதே.

ஏற்பாடு குலைந்தது. குமரிமுனைப் பக்கம் திரும்பலாம் என்றால் காற்று எதிராக வீசிற்று. இனி எங்கே செல்வது? மலாக்காவுக்கும் அப்பால், மக்காசர் என்னும் தீவகத்தில் மக்கள் ஞானஸ்நானம் கேட்கின்றனர் என்று ஒரு செய்தி வந்திருந்தது. தமிழ்நாட்டுக் கரையில் தாம் தொடங்கிய வேலையோ பாதியில் நின்றது. போவதா, இருப்பதா? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு, அந்த 39 வயதுக் குருவானவர் 1545ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் வடக்கே மயிலையை வந்தடைந்தார்.

இங்கே பங்குக் குருவாயிருந்த கஸ்பார் கொயெல்யோ என்பவரின் வீட்டிற் தங்கினார். இரவுகளில் எழுந்து, வீட்டுத் தோட்டத்தின் வழியாகத் தோமையார் கோவிலுக்குச் சென்று தனித்திருந்து செபிப்பார். பகலில் நோயாளிகளைச் சந்திப்பார், பாவசங்கீர்த்தனம் கேட்பார், சச்சரவுகளைத் தீர்த்து வைப்பார். தீர்மானத்துக்காகக் காத்திருப்பவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும் என்பதில்லை. அன்றன்றைக்குரிய கடமையை அன்றன்று செய்துகொண்டு, பெரிய கேள்வியை மட்டும் ஆண்டவர் முன்னிலையில் வைத்துவிட்டார்.

சில வாரங்கள் சென்றன. மே மாதம் 8ஆம் தேதி அவர் கோவாவிலிருந்த தோழருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கின்றது. மக்காசர் செல்வதே தேவசித்தம் என்று உள்ளத்திற் தெளிவு கிடைத்ததாக அதில் எழுதியிருக்கிறார். அதன்பின் அவர் எழுதியதுதான் எமக்கு மிகவும் பிடித்தமானது. போர்த்துக்கேயக் கப்பல் அகப்படாவிட்டால் முகம்மதியருடைய கப்பலிலாவது இந்துக்களுடைய கப்பலிலாவது செல்வாராம். அதுவும் இல்லையேல் ஒரு கட்டுமரம் புறப்பட்டாலும் அதில் ஏறிவிடுவாராம்! நம் மீனவரின் கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லையே அப்பெரியார் அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இவ்வளவு உறுதி பிறந்தபின்னும் என்ன நடந்தது? கப்பல் இல்லை. மே கழிந்தது, ஆனி, ஆடி கழிந்தன. ஆகஸ்ட் மாத இறுதியளவிற்தான் மலாக்காவுக்குப் பயணமானார். தீர்மானம் சில வாரங்களிற் கிடைத்தது. அதை நடத்தும் வழி திறக்கப் பல மாதங்கள் சென்றன.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு வந்த மகன், “அப்பா, சவேரியாருக்கு முகவர் ஒருத்தரும் வெள்ளிக்கிழமை என்று தவணை வைக்கேல்லைத்தானே?” என்றான்.

சிரித்தோம். ஆனால் அவன் கேட்டது சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியன்று. சவேரியாரும் எப்போதும் மாதக்கணக்காகக் காத்திருந்தவரல்லர். 1540ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இந்தியாவுக்குச் செல்ல நியமிக்கப்பட்ட பொபதில்யா என்னும் குரு நோயுற்றபோது, அவருக்குப் பதிலாகச் செல்லும்படி இஞ்ஞாசியார் சவேரியாரைக் கேட்டார். ஓரிரு நாட்களிலேயே சவேரியார் உரோமாபுரியை விட்டுப் புறப்பட்டுவிட்டார். ஆகவே பொறுமை என்பது சோம்பலுமன்று. முடிவு சொல்லப் பயந்து நாளைக் கடத்துவதுமன்று. கேட்பவர் நம்பத்தகுந்தவராயும், வழி தெளிவாயும், மனம் ஏற்கனவே ஒப்புக்கொடுக்கப்பட்டதாயும் இருந்தால் ஒருநாளும் போதும். அவை இல்லாதபோது, அவசரப்படுத்துகிறவருடைய கடிகாரத்தை நம் கையிற் கட்டிக்கொள்ளக் கூடாது. இதைத்தான் அவனுக்குச் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை முகவரிடமிருந்து அழைப்பு வந்தது. புதன்கிழமை இருமுறை வந்தது. புதன் இரவு பையன் சாப்பிடவில்லை. எம் இல்லாளுக்கும் நித்திரை இல்லை. “பிள்ளையின்ரை வாழ்க்கையை நாங்கள் மறிக்கிறோமோ?” என்று இருட்டில் எம்மைக் கேட்டார். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த இரவில் எமக்கே “ஓம்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாய்த் தூங்கலாம் என்று தோன்றிற்று. பல “ஓம்” கள் இவ்வாறுதான் சொல்லப்படுகின்றன போலும். நாம் அப்போது விரும்பியது தேவசித்தத்தை அன்று, வேதனை முடிவதைத்தான்.

வியாழன் விடியற்காலை, எம் இல்லாளை விடுதியில் ஓய்வாக விட்டுவிட்டு, மகனோடு கடற்கரைக்கு நடந்தோம். கோவிலின் பின்புறம் சிறிது தூரத்திற் கடல். மீனவர் படகுகளைக் கரையேற்றி, வலையை உதறிக்கொண்டிருந்தனர். இக்காலத்தில் கட்டுமரம் அருகிவிட்டது. கண்ணாடி இழைப் படகுகளும் வெளியிற் பூட்டும் இயந்திரங்களுமே எங்கும். அவற்றுள் ஒன்று இயங்காமல் நின்றது. மகன் அருகிற் சென்று பார்த்தான். இரண்டு வார்த்தை கேட்டான். ஆணி முடுக்கியை வாங்கினான். அரைமணி நேரம் கை முழுவதும் எண்ணெயாக வேலை செய்தான். இயந்திரம் உறுமிற்று. படகுக்காரர் நான்கு மீனைக் கொடுக்க வந்தார். விடுதியிற் சமைக்க வழியில்லை என்று சொல்லி, தேநீர் மட்டும் வாங்கிக் குடித்தோம். இரண்டு நாளாய் வாடியிருந்த பையனின் முகம் அப்போதுதான் சற்றுத் தெளிந்தது.

திரும்பி வந்து கல்லறைக் கோவிலில் இருந்தோம். அவனுக்கு அங்கே ஒரு சிறு வேலை கொடுத்தோம். இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகளில் தீர்மானம் எடுப்பதற்கு வகுத்த முறை ஒன்று உண்டு. சவேரியார் 1534ஆம் ஆண்டிற் பாரிசில் அந்தப் பயிற்சிகளைச் செய்தவர். அம்முறையை எமக்கு விளங்கிய அளவில் இங்கே தருகிறோம். பரீட்சை எழுதி எந்தத் துறையிற் செல்வது என்று மயங்கும் மாணவருக்கும், பிள்ளைக்குச் சம்பந்தம் பார்க்கும் பெற்றோருக்கும் இது உதவும்.

முதலாவது, எதற்காக இந்தத் தீர்மானம் என்று கேட்கவேண்டும். பணமும் பெயரும் நோக்கமாயின், ஆண்டவரை நம் எண்ணத்துக்கு இசைவிக்கப் பார்க்கிறோமேயன்றி நாம் அவருக்கு இசையவில்லை. இரண்டாவது, தராசின் முள்போல இரண்டு பக்கத்துக்கும் சாயாமல் நிற்க முயலவேண்டும். எது தேவசித்தமோ அதற்கே சம்மதம் என்று மனம் சொல்லும்வரை செபிக்கவேண்டும். மூன்றாவது, போவதால் வரும் நன்மை தீமைகளையும், போகாமல் இருப்பதால் வரும் நன்மை தீமைகளையும் தனித்தனியே எழுதி, நிதானமாக ஆராயவேண்டும். நான்காவது, முன்பின் அறியாத ஒருவன் இதே கேள்வியோடு நம்மிடம் வந்தால் அவனுக்கு என்ன புத்தி சொல்வோம் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஐந்தாவது, மரணப் படுக்கையில் இருந்து திரும்பிப் பார்க்கும்போது எதைத் தெரிந்திருக்க விரும்புவோம் என்று கேட்கவேண்டும். முடிவை எடுத்தபின் அதனை ஆண்டவரிடம் கொண்டுபோய், ஏற்றுக்கொள்ளும்படி மன்றாடவேண்டும்.

இவற்றோடு அவர் சொன்ன இன்னொரு விதியும் உண்டு: உள்ளம் இருண்டு, செபம் வறண்டு, எல்லாம் கைவிட்டதுபோலத் தோன்றும் வேளையில் முன் எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றலாகாது. நாம் புதன் இரவில் அடைந்த நிலை அதுவே. அந்த இரவில் எதையும் முடிவு செய்யாது விட்டமைக்காக இப்போது ஆண்டவரைத் துதிக்கிறோம்.

மகன் வைத்தியசாலைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான். போவதன் நன்மைகள் நிறைய இருந்தன; அவற்றை அவன் விரைவாக எழுதினான். மறுபக்கம் எழுதும்போது கை மெதுவாயிற்று. என்ன எழுதினான் என்று நாம் எட்டிப் பார்க்கவில்லை. அரைமணி சென்றபின் ஒன்று மட்டும் கேட்டோம்: “தம்பி, பக்கத்து ஊர்ப் பெடியன் ஒருத்தன் உன்னட்டை வந்து, இந்த முகவரிட்டைக் காசு கட்டட்டோ என்று கேட்டால் என்ன சொல்லுவாய்?”

அவன் உடனே சொன்னான்: “எந்தப் பத்திரத்திலை அனுப்பப் போறியள் என்று எழுத்திலை கேள், தராட்டிக் கட்டாதை என்று சொல்லுவன்.” சொல்லிவிட்டுத் தானே திகைத்துப்போனான். பிறனுக்குச் சொல்லும்போது வெளிப்படும் அறிவு, தனக்கென்று வரும்போது ஆசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றது. அதை வெளியே அழைப்பதற்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

அன்று மாலை அவனே முகவரை அழைத்து, எந்த நாடு, எந்த வழி, எவ்வகை அனுமதி என்று எழுத்தில் தரும்படி கேட்டான். முகவர் கோபித்துக்கொண்டு தொலைபேசியை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. நாம் மூவரும் மாலைப் பூசை கண்டு, கோவிலின் முன்னுள்ள வீதியில் இட்டலி வாங்கிச் சாப்பிட்டோம். இடி விழவில்லை. பரலோகத்திலிருந்து குரலொன்றும் கேட்கவில்லை. மகன் அன்றிரவு நன்றாய் நித்திரை செய்தான் என்பதே நாம் கண்ட அடையாளம்.

சனிக்கிழமை வைத்தியர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, கண் நன்றாயிருக்கின்றது என்றார். எம் இல்லாள் மீண்டும் ஒருமுறை கோவிலுக்குச் சென்று, இம்முறை கோபுரத்தை முழுமையாய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றார். அண்ணாந்து நெடுநேரம் நின்றார்.

இனி, வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் எடுத்த முடிவு சரியென்று பின்னர் தெளிவாயிற்றா? உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். அந்த முகவரோடு சென்ற பிறிதோர் இளைஞன் பல மாதங்கள் வழியிற் கஷ்டப்பட்டாலும், சுகமாய்ப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பின்னர் கேள்விப்பட்டோம். அவன் பெற்றோருக்காக மகிழ்ந்தோம். எம் மகனின் முகம் அன்று முழுவதும் சற்று வாடியிருந்தது. “நாங்களும் கட்டியிருக்கலாமோ?” என்று அவன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வியே.

அவ்வேளையிற் சவேரியாரின் கதையின் பிற்பகுதியை அவனுக்குச் சொன்னோம். மயிலையில் அத்தனை வாரம் செபித்து, கட்டுமரத்திலாவது செல்வேன் என்று உறுதிகொண்ட அவர், மக்காசரை ஒருபோதும் அடையவில்லை! 1545 செப்டம்பர் இறுதியளவில் மலாக்காவை அடைந்து, மக்காசரிலிருந்து செய்தி வரும் என்று மூன்று மாதத்துக்கு மேல் அங்கும் காத்திருந்தார். செய்தி வரவில்லை. 1546ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அம்போயினாத் தீவுக்குச் சென்றார். அங்கிருந்து மலாக்காவுக்குத் திரும்பி வந்தபோது, 1547ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒரு யப்பானியரைச் சந்தித்தார். அச்சந்திப்பே 1549இல் அவரை யப்பானுக்குக் கொண்டுசென்றது. மயிலையில் அவர் கண்ட தெளிவு பொய்யா? நாம் அப்படி எண்ணவில்லை. மயிலையில் அவருக்குக் கிடைத்தது தேசப்படம் அன்று. கிழக்கே புறப்படு என்ற ஒரு சொல். போகும் ஊரைக் காற்றும் காலமும் பின்னர் காட்டின. விளைவைக் கொண்டு தீர்மானத்தை அளப்பது வியாபாரியின் கணக்கு. அன்றிருந்த வெளிச்சத்தில், மறைப்பின்றி, ஆண்டவர் முன்னிலையில் எடுத்தோமா என்பதே விசுவாசியின் கணக்கு. இளைஞன் ஒருவன் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தமையால் எழுத்தில்லாத வழி நல்வழியாகிவிடாது. எம் மகன் இங்கிருப்பதால் எமக்குப் பெருமையுமில்லை.

எம் மகன் இப்போது மாதகல் பக்கத்தில், மீனவருக்குப் படகு இயந்திரங்கள் திருத்திக் கொடுக்கிறான். வருமானம் அதிகமில்லை. வெளிநாட்டுத் தொழிற்பயிற்சி ஒன்றுக்கு, எழுத்திலுள்ள முறையான வழியில் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறான். மறுமொழி இன்னும் வரவில்லை. காணித்துண்டு ஈடு வைக்கப்படாமல் இருக்கின்றது. வந்தால் போவான், வராவிட்டால் மீண்டும் எழுதுவான். ஒவ்வொரு நாளும் அஞ்சற்காரர் வரும் நேரம் எம் இல்லாள் படலையடிக்குப் போய் நிற்பார். சத்திரசிகிச்சை செய்த கண்ணால் ஒழுங்கையின் முனைவரை இப்போது நன்றாய்த் தெரிகின்றதாம்.

சென்னைக்குச் செல்லும் அன்பர்கள் வைத்தியமும் புடைவையும் முடிந்தபின், ஒரு மாலைப்பொழுதைச் சாந்தோமுக்கென ஒதுக்கிக்கொள்ளுங்கள். கல்லறைக் கோவிலுக்கு வாயில் பின்புறம் என்பதை மறவாதீர்கள். முன்வாயிலில் நின்று தேடுவோர் பலர். மனத்தில் ஒரு கேள்வி இருந்தால் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் கொண்டு செல்லுங்கள். தொலைபேசியை மட்டும் விடுதியில் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.